கெட்டில் வைத்த காகிதம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கன்னியம்மா எழுதுவது. உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், இப்போது எனக்கு என்ன அவசரம்?

நம் ஆபீசில் நான் அட்டெண்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். அட்டெண்டர்தானே என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். என் கை படாமல் ஒரு ஃபைலும் அந்த ஆபீசில் பெரிய மேசைக்குப் போனதில்லை. என் டீயை இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை தவிர ஒருவரும் மிச்சம் வைத்ததில்லை. இந்த இரண்டையும் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

அப்போது நான் பெங்களூரில் ஜீவனஹள்ளியில் குடியிருந்தேன். எங்கள் தெருவில் கேட்பார்கள், "ஏன் கன்னிம்மா, உங்க ஆபீஸ்ல கஞ்சா புடிப்பாங்களாமே?" என்று. "புடிக்கிற ஆபீஸ் வேற. எங்களுது கேட்டுட்டு அனுப்புற ஆபீஸ்" என்பேன். அவர்களுக்குப் புரியாது. உங்களுக்கும் முதல் மாசம் புரிந்திருக்காது. சளிக்கும் இளைப்புக்கும் மாத்திரை செய்கிற பொடி ஒன்று. நல்ல பொடிதான். ஆனால் அதே பொடியை வாங்கிப் போய், பிள்ளைகளைக் கெடுக்கிற போதைச் சரக்கு காய்ச்சுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு டிரம் டிரம்மாகப் போகிற பொடியை நாம் சும்மா அனுப்புவதில்லை. வாங்குகிற நாட்டு அரசாங்கத்துக்கு முதலில் எழுதிக் கேட்கிறோம்: இந்தப் பெயரில் உங்கள் ஊரில் கம்பெனி உண்டா, இவ்வளவு சரக்கு அவர்களுக்கு எதற்கு, அனுப்பலாமா என்று. அவர்கள் பதில் சொல்ல ஒரு கெடு உண்டு. கெடு நாள் முடியும்வரை பதிலே வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டு அனுமதிக் கடிதம் கொடுத்துவிடலாம். அன்றைய நடைமுறை அது.

பதில் வராவிட்டால் சம்மதம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எல்லாப் பதிலும் ஃபேக்ஸில்தான் வரும். நீங்கள் அந்த மெஷினைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கிர்ரென்று கத்தி, சுருள் சுருளாகக் காகிதத்தைத் துப்பும். வழவழவென்று ஒரு காகிதம். வெயில் பட்டால் மங்கும், சூடு பட்டால் கருக்கும். காகிதத்துக்குள்ளேயே மை இருக்கிறது, சூட்டில்தான் எழுத்து தெரிகிறது என்று பிற்பாடு ஒரு மெக்கானிக் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. காகிதம் சுருட்டிக்கொள்ளும், அதை நிமிர்த்தி மேடம் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

மேடம் என்றால் அப்போது எங்கள் ஆபீசுக்குத் தலைவராக இருந்த அம்மாள். மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். குரல் உயர்த்த மாட்டார். ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார் என்றால் கிளார்க்குகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆடுகோடியில் கோடவுன் வைத்திருந்த ஒரு முதலாளி காலையிலிருந்தே எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் டிரம் பேச்சுதான் என்பதால் அவரை நாங்கள் டிரம் முதலாளி என்போம். அவருடைய சரக்குக்கு அன்றுதான் கெடு நாள். டிரம்களை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டி நிறுத்திவிட்டு வந்திருந்தார். அனுமதிக் கடிதம் கிடைத்ததும் லாரி சென்னைக்குப் புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கப்பல்.

"என்னம்மா, உங்க மெஷின் தூங்குதா?" என்றார் என்னைப் பார்த்து.

"முழிச்சிட்டுதான் இருக்குது சார். நீங்க டீ குடிங்க."

"தூங்கட்டும், தூங்கட்டும். அது தூங்குனா எனக்கு நல்லதுதான்."

சாப்பாட்டு நேரம். கிளார்க் எல்லாரும் கீழே போயிருந்தார்கள். நான் மெஷின் அறையில் ஸ்டவ் வைத்து டீ கொதிக்கவிட்டு, கெட்டிலில் ஊற்றி மூடினேன். கிர்ரென்று மெஷின் கத்தியது. ஒரே ஒரு பக்கம். கிழித்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். ஓரத்தில் இருந்த ஃபைல் நம்பரைப் பார்த்ததுமே அது டிரம் முதலாளியுடைய பதில் என்று புரிந்தது. தலையில் அந்த நாட்டு அரசாங்க முத்திரை, ஒரு பறவை.

காகிதம் அப்பளம் மாதிரிச் சுருண்டுகொண்டது. அழுத்தி வைக்கும் கண்ணாடிக் குண்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கையில் இருந்தது கெட்டில். ஒரு நிமிஷம்தானே என்று அதைத் தூக்கி நடுக்காகிதத்தில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் டெலிபோன் அடித்தது. எடுத்தேன், தப்பான நம்பர். திரும்பி வந்து கெட்டிலைத் தூக்கினேன்.

தோசைக்கல் அளவுக்குக் கருப்பு. பறவை இருந்தது. ஓரத்து நம்பர் இருந்தது. நடுவில் என்ன எழுதியிருந்ததோ அது இல்லை.

முந்தானையால் துடைத்தேன். ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும், தண்ணீர் தொட்டுக்கூடத் தேய்த்தேன்.

அப்போது நான் தினக்கூலி. அந்த மாசம்தான் நிரந்தரம் ஆக்குகிறவர்கள் பட்டியல் தயாராகி, அதில் என் பெயரும் இருப்பதாக ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். அந்தப் பட்டியல் மேல்தான் நான் எல்லாக் கோட்டையையும் கட்டியிருந்தேன். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், செருகினேன். டீயை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

நாலு மணிக்கு டிரம் முதலாளி மேடம் அறைக்குள் போய் உட்கார்ந்தார். ஹெட் கிளார்க் ஃபைலைக் கொண்டுபோய் வைத்தார். நான் காலி டம்ளர் எடுக்கிற சாக்கில் உள்ளே நின்றேன்.

"மேடம், கெடு முடிஞ்சுது. பதில் இல்லை" என்றார் ஹெட் கிளார்க்.

"ஒண்ணுமே வரலியா?"

"ஒண்ணும் வரலை மேடம்."

"அப்புறம் என்ன மேடம், சொல்பா, கொஞ்சம் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா லாரி ஓசூர் தாண்டிடும்" என்றார் முதலாளி.

மேடம் பேனாவைத் திறந்தார்.

பிள்ளைகளே, நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் என்றால், ஒரு காகிதம் கெட்டுப்போனது, அதை மறைத்தால் ஒரு காகிதம் குறையும், அவ்வளவுதான் என்று. பேனா திறந்தபோதுதான் உறைத்தது. நான் மறைத்தால் பதில் இல்லை என்று ஆகும். பதில் இல்லை என்றால் சம்மதம் என்று ஆகும். அவர்கள் 'வேண்டாம், அனுப்பாதீர்கள்' என்று கத்தியிருந்தாலும், என் இடுப்பில் வந்ததும் அது 'அனுப்பு' என்று மாறிவிடும். மூன்றாவது படித்த நான் ஒரு நாட்டு அரசாங்கத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மேடம்" என்றேன். "பதில் வந்துச்சு."

மூன்று பேரும் திரும்பினார்கள். காகிதத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தேன். "இது மேல கெட்டிலை வெச்சிட்டேன். கருகிப்போச்சு. பயத்துல இடுப்புல வெச்சிக்கிட்டேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

முதலாளி காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன மேடம் இருக்குது? ஒரு எழுத்துகூடத் தெரியல. படிக்க முடியாத பதிலும் வராத பதிலும் ஒண்ணுதானே? நீங்க போடுங்க" என்றார்.

"ஒண்ணு இல்ல சார்" என்றார் மேடம். "வந்தது வந்ததுதான். படிக்க முடியலன்னா தப்பு நம்ம மேல. நம்ம தப்பை அவங்க சம்மதம்னு எழுத எனக்கு யாரு அதிகாரம் குடுத்தாங்க?"

"அப்ப கேட்டுச் சொல்லுங்க, போன் போட்டு!"

போட்டார். அது கிழக்கே இருக்கிற நாடு, நமக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இனித் திங்கட்கிழமைதான். மறுபடி அனுப்பச் சொல்லி ஒரு ஃபேக்ஸ் அடித்துவிட்டு, மேடம் ஃபைலை மூடினார்.

"கப்பல் போயிடும் மேடம்."

"போகட்டும் சார். கப்பல் போனா வேற கப்பல் வரும். சரக்கு போயிட்டா திரும்பி வராது."

முதலாளி எழுந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு டீக்காரம்மாவால என் லாரி நிக்குது. பெங்களூருல யாருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்காரம்மா என்றது கூட எனக்கு உறைக்கவில்லை. அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீதான் உறைத்தது.

மேடம் குறிப்பு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "பதில் ஆபீஸ்ல கெட்டுப்போச்சுன்னு எழுதறேன் கன்னியம்மா. அஷ்டே சாகு. அது போதும்" என்றார்.

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஆபீஸ்ல யாருன்னு நாளைக்குக் கேப்பாங்களே மேடம். கிளார்க்கு தலையில விழும். என் பேரை எழுதுங்க" என்றேன்.

"லிஸ்டுல உன் பேர் இருக்குது. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

மேடம் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அதன் கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு இங்கிலீஷுக்கு நடுவில் அது ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். விவேக் நகர் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன், நான் வேறு சாமி கும்பிடுகிறவளாக இருந்தாலும். அந்தப் பதில் 'அனுப்பாதே' என்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி இருந்தால் நான் ஒரு பெரிய அநியாயத்தைத் தடுத்தவள் ஆவேன். பட்டியலில் பெயர் நிற்கும். மாலைகூடப் போடுவார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. காகிதத்தின் நாலு மூலையிலும் நாலு ஃபைல் வைத்து நிமிர்த்தி, தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். மேடம் படித்துவிட்டுச் சொன்னார்: கம்பெனி உண்மையானது. மருந்து செய்கிறவர்கள். அளவு சரி. தாராளமாக அனுப்பலாம்.

தட்டை எடுத்துக்கொண்டேன். "அப்ப, அன்னிக்கே அனுப்பியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா மேடம்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"நான் சும்மாவே வாயைத் திறந்தேனா?"

"நல்ல பதில்னு இன்னிக்குத் தெரியுது கன்னியம்மா. வெள்ளிக்கிழமை யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டினவன் பொழச்சிட்டான்னா, கண்ணை மூடினது சரின்னு ஆயிடுமா?"

அன்று மத்தியானம் முதலாளி வந்து அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். போகும்போது என் பக்கம் திரும்பி, "சந்தோஷமாம்மா? ஒரு கப்பலை விட்டேன். ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. நான் நிரந்தரம் ஆனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. மேடம் மாற்றலாகிப் போவதற்கு முன் கடைசியாக எழுதிவிட்டுப் போன கடிதத்தில்தான் அது நடந்தது. அந்த இரண்டு வருஷமும் நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மகளுக்கு ஒரு தீபாவளி பழைய பாவாடையோடு போனது. ஆனாலும் மெஷின் அறைக்குள் போகும்போது தலை நிமிர்ந்துதான் போனேன். கெட்டில் மட்டும் அந்த அறைக்குள் அப்புறம் நுழையவே இல்லை. ஸ்டவ்வைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன்.

மேடத்துக்குப் பின் ஒரு சார் வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. சட்டம் எல்லாம் மனப்பாடம். நல்லவர்தான். மழைக்காலம் முடிகிற ஒரு நாளில் டிரம் முதலாளி மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நடுவில் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறார், என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு அதே வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரில், முன்னைவிடப் பெரிய சரக்கு. அன்றும் கெடு நாள்.

"என்னம்மா, மெஷின் மேல எதுவும் வெக்கலியே?" என்றார். குத்தலா, வேடிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை.

"கெட்டிலு அந்தப் பக்கமே வர்றதில்ல சார். மூணு சுவரு தாண்டி இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

மத்தியானம் தாண்டியது. எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று உடனே தெரியவில்லை. டம்ளர் கழுவும்போதுதான் புரிந்தது: காலையிலிருந்து மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எப்பேர்ப்பட்ட மந்தமான நாளிலும் டெல்லியிலிருந்தாவது நாலைந்து காகிதம் வரும். போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. காகிதச் சுருள் இருக்கிறது. பக்கத்து ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். உயிரே இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால், ரோட்டில் கேபிள் போடுகிறோம் என்று பள்ளம் தோண்டி, அதில் நாலு பேர் மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சார் அறைக்குப் போனேன். முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார். சார் கையில் பேனா.

"சார், பதில் வரலன்னு எழுதப்போறீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"வரலன்னு எழுதறதுக்கு முன்னாடி, வர்றதுக்கு வழி இருக்குதான்னு ஒரு தடவை பாருங்க சார். லைனு செத்துப்போயிருக்குது. காலையிலேர்ந்தே."

சார் முகம் சுருங்கியது. "அவங்களுக்கு இத்தனை நாள் இருந்துச்சும்மா. கெடுன்னா கெடுதான். அவங்க இன்னிக்குத்தான் அனுப்பியிருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? நம்ம லைன் போச்சுன்னு எக்ஸ்போர்ட்டரை நிறுத்தி வெக்க ரூல் இல்ல."

ரூல் இல்லை என்பது உண்மை. எனக்கு வாதாடத் தெரியாது. தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். கருகின காகிதமாவது கையில் இருந்தது அன்றைக்கு. இன்றைக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சார், நான் நாளைக்கு வர்றேன்."

"உங்களுக்கு இன்னிக்கே குடுக்கலாமே. நீங்க எதுக்கு..."

"தெரியும் சார். நீங்க குடுப்பீங்க. ஆனா இந்தம்மா நிக்கிற நிலைமையைப் பாத்தீங்களா? இதே மாதிரிதான் ஒரு தடவை நின்னுச்சு. அன்னிக்குக் கப்பலு போச்சு. ஆனா அதுக்கப்புறம், இங்க கேக்காம விட மாட்டாங்கன்னு தெரிஞ்சதால, என் டிரம்மு எங்க போயிச் சேருதுன்னு நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்ல. ஒரு நாளுதானே, லைனு வரட்டும்."

சார் பேனாவை மூடினார்.

மறுநாள் பத்தரை மணிக்கு லைன் வந்தது. வந்த கையோடு மெஷின் விடாமல் கத்தியது. மூன்றாவது காகிதத்தில் அந்தப் பறவை. நான் அதை இரண்டு கையாலும் பிடித்து விறைப்பாக வைத்துக்கொண்டே சாரிடம் ஓடினேன். முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

சார் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு முதலாளிக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். அந்தக் கம்பெனி அப்படி ஓர் ஆர்டரே கொடுக்கவில்லையாம். அவர்கள் பெயரையும் லெட்டர்ஹெட்டையும் வைத்து வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து நமக்கு இதை அனுப்பப் பார்த்து, போகவே இல்லையாம். சரக்கை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள் என்று முடித்திருந்தார்கள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த டிரம் எல்லாவற்றின் மேலும் அவர் கம்பெனிப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். கடல் தாண்டி எங்கோ ஒரு கொட்டகையில் போலீஸ் அதைப் பிடித்திருந்தால், முதலில் வந்து தட்டுவது ஆடுகோடிக் கதவைத்தான்.

"அம்மா, ஒரு டீ குடுக்கிறியா?" என்றார்.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு எல்லாம் திரையில் வருகிறது. கருகுவதில்லை, சுருள்வதில்லை. ஆனால் திரையும் சில நாள் பேசாமல் இருக்கும். அது ஏன் பேசவில்லை என்று எழுந்துபோய்ப் பார்க்கிற வேலையை மட்டும் எந்த மெஷினும் உங்களுக்காகச் செய்யாது. பார்த்தபின் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை 'தாராளமாக அனுப்பு' என்றுதான் இருக்கும், உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்குப் புதுப்பால் ஊற்றி, இஞ்சி தட்டிப்போட்டு நல்ல டீயாகப் போட்டேன். ஆவி பறக்கிற டம்ளரை அவர் பக்கம் நீட்டினேன். அந்த ஃபேக்ஸ் இன்னும் மேசைமேல் சுருண்டுகொண்டு கிடந்தது. முதலாளி டம்ளரை வாங்கவில்லை. முதலில் எழுந்து, அந்தக் காகிதத்தை ஓரமாகப் பிடித்துத் தூக்கி, அலமாரிக்கு மேல் எட்டின மட்டும் தள்ளி வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, கையை நீட்டினார்.

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.